தலைமைக் கச்சேரி யாருக்கு?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேசுவதற்கு உரியதுதானா என்று உங்களில் சிலர் ஐயுறலாம். ஐம்பது, அறுபது ஆண்டுகளாகப் பாடிவரும் மேனாட்டு ராக் இசைக்குழு ஒன்றுக்குப் பெரிய இசைவிழாவில் தலைமைக் கச்சேரியை இன்னும் கொடுப்பது தகுமா என்பதே அப்பொருள். நான் இசைப்புலவன் அல்லேன். கல்லூரியில் படித்த நாட்களில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் இத்தகைய பாடல்களைக் கேட்கத் தொடங்கியவன். இன்றும் கேட்டு மகிழ்பவன். கேட்பவன் என்ற உரிமை ஒன்றே எனக்கு உண்டு. ஆயினும் இவ்வினா இசையோடு நின்றுவிடவில்லை. முதியவர்க்குரிய இடம் எது, இளையவர்க்குரிய இடம் எது, அதனை எந்த அளவுகோல் கொண்டு முடிவு செய்வது என்று அது விரிந்து செல்கிறது. அந்த வினாவை எதிர்கொள்ளாத வீடோ நிறுவனமோ உலகில் இல்லை.

முதலில் தலைமைக் கச்சேரி என்பது இன்னதென்று தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் மார்கழி இசைவிழாவில் நண்பகலில் இளைஞர் பாடுவர். மாலையில், அவை நிறைந்திருக்கும் வேளையில், பெயர் பெற்ற வித்துவான் பாடுவார். மேனாட்டுத் திறந்தவெளி விழாக்களிலும் இத்தகைய வரிசை உண்டு. நண்பகலிலிருந்து குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறும். இருள் சூழ்ந்தபின் முதன்மை மேடையில் இறுதியாக இசைப்பவரே அன்றைய தலைமைக் கலைஞர். விளம்பரத் தாளில் அவர் பெயரே பெரிய எழுத்தில் முதலில் நிற்கும். அவருக்கு நேரம் மிகுதி, ஒளியும் ஒலியும் மிகுதி, ஊதியமும் மிகுதி. மூன்று நாள் விழாவாயின் இத்தகைய இடங்கள் மூன்றே.

பொதுப்படப் பேசினால் பேச்சு காற்றில் மிதக்கும். ஆதலின் ஒரு விழாவையும் ஒரு குழுவையும் எடுத்துக்கொண்டு ஆராய்வோம். விழா, இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்தில் நடக்கும் கிளாஸ்டன்பரி விழா. குழு, ரோலிங் ஸ்டோன்ஸ்.

கிளாஸ்டன்பரி விழாவைத் தொடங்கியவர் மைக்கேல் ஈவிஸ் என்னும் பால்பண்ணைக்காரர். பில்டன் என்ற சிற்றூரில் உள்ள தம் வொர்தி பண்ணையில் 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் முதல் விழாவை நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுன்; வந்தவர்க்கெல்லாம் பண்ணைப் பால் இலவசம். வந்தவர் சுமார் 1,500 பேர். மறு ஆண்டில் எகிப்தின் பெரிய பிரமிடைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பிரமிடு வடிவில் ஒரு மேடை அமைத்தனர். 1981-இல் அமைந்த இரண்டாம் பிரமிடு விழா நாட்களில் மேடையாகவும் குளிர்காலத்தில் மாட்டுக் கொட்டகையாகவும் பயன்பட்டது. இன்று நிற்பது மூன்றாவது. 2000-ஆம் ஆண்டில் எழுந்தது. இப்போது இவ்விழா நடக்கும்போது அப்பண்ணை நிலத்தில் ஏறத்தாழ 2,00,000 பேர் கூடுகின்றனர். வரும் பொருளில் ஒரு பகுதி நற்பணி நிறுவனங்களுக்குச் செல்கிறது. நிலத்துக்கு ஓய்வு தர வேண்டிச் சில ஆண்டுகளில் விழாவை நிறுத்திவிடுவதும் அங்குள்ள வழக்கம். உழவர் மரபில் வந்த நல்ல பழக்கம் அது.

இனி அக்குழுவைப் பார்ப்போம். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயரில் இக்குழுவினர் முதன்முதல் மேடையேறியது 1962-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், இலண்டனில். மிக் ஜாகர் பாடகர். கீத் ரிச்சர்ட்ஸும் பிரையன் ஜோன்ஸும் கிட்டார் வாசித்தனர். மறு ஆண்டின் தொடக்கத்தில் சார்லி வாட்ஸ் என்னும் டிரம்ஸ் கலைஞர் சேர்ந்தார். பிரையன் ஜோன்ஸ் 1969-இல் இளமையிலேயே மறைந்தார். பின்னர் மிக் டெய்லர் வந்தார், சென்றார். 1975 முதல் ரோனி வுட் உடன் இருக்கிறார். இத்தனை ஆண்டுகள் உடையாமல் நின்ற ராக் குழுக்கள் மிகச் சில. ஆயினும், வியப்பு என்னவெனில், 2013 வரை இவர்கள் கிளாஸ்டன்பரி மேடையில் ஏறியதே இல்லை.

2013-ஆம் ஆண்டு ஜூன் 29, சனிக்கிழமை இரவு, அவர்கள் முதன்முறையாக அங்கே இசைத்தனர். ஜாகருக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் அப்போது 69 வயது, வாட்ஸுக்கு 72, வுட்டுக்கு 66. நால்வரின் வயதையும் கூட்டினால் 276. பள்ளிக்கூடக் கணக்காக வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 69 வருகிறது. "இந்த வயதில் இவர்களுக்கு அந்த இடம் தகுமா?" என்ற பேச்சு அன்று எழுந்தது. அதன் பின்னும் ஒவ்வொரு மூத்த கலைஞர் வரும்போதும் அது எழுந்துகொண்டே இருக்கிறது.

தகாது என்பவர் கூறும் காரணங்களை முதலில் நேர்மையோடு கேட்போம். மாணவன் ஒருவன் எதிர்த்துப் பேசினால் அவன் வாதத்தை அவனைவிடத் தெளிவாக எடுத்துச் சொல்லிய பின்னரே மறுமொழி சொல்ல வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தனர். அந்நெறியை இங்கும் பின்பற்றுவோம்.

அவர்கள் கூறும் காரணங்கள் மூன்று. முதலாவது, குரல் தளர்ந்துவிட்டது, விரல் தளர்ந்துவிட்டது. கேட்பவர் இன்றைய பாட்டைக் கேளாமல் தம் பழைய நினைவையே கேட்டு ஆர்ப்பரிக்கின்றனர் என்பது. இரண்டாவது, புதிய ஆக்கம் இல்லை என்பது. அன்றிரவு அவர்கள் பாடியவற்றுள் மிகப் பெரும்பாலானவை 1960-களிலும் 1970-களிலும் பிறந்தவை. புதிதென்று சொல்லத்தக்கது 2012-இல் வெளிவந்த ஒரு பாடலே. மூன்றாவது, இளையவர் இடம் பறிபோகிறது என்பது. இம்மூன்றனுள் கனமானது மூன்றாவதே என்பது என் கருத்து.

அதன் கனத்தை எண்களால் உணரலாம். 2010 முதல் 2019 வரையுள்ள பத்து ஆண்டுகளில் கிளாஸ்டன்பரி விழா எட்டு முறைதான் நடந்தது. 2012-ஆம் 2018-ஆம் ஆண்டுகள் நிலத்தின் ஓய்வாண்டுகள். ஆக, பிரமிடு மேடையில் இருந்த தலைமை இடங்கள் 24. உலகெங்கும் எத்தனை ஆயிரம் குழுக்கள்! இருந்த இடங்களோ பத்து ஆண்டுகளில் இருபத்து நான்கு. அடுத்து வந்த 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளையும் பெருந்தொற்று விழுங்கிவிட்டது. இத்துணை அரிய இடத்தை ஒருவருக்குத் தரும்போது, அது யாருக்கு இல்லாமற் போகிறது என்று கேட்பது பொறாமையால் எழுந்த கேள்வி ஆகாது, முறையான கேள்வியே.

அந்த இடம் ஓர் இளைய குழுவை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு 1997-ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு மழையால் பண்ணை முழுதும் சேறு. ரேடியோஹெட் குழுவின் பாடகர் தாம் யார்க்குக்கு வயது 28. அவர்களுடைய மூன்றாம் இசைத்தட்டு அந்த மாதத்தில்தான் இங்கிலாந்தில் வெளிவந்திருந்தது. அன்றிரவு மேடையில் தம் ஒலியே தமக்குக் கேளாதபடி கருவிகள் பழுதுற்றன. விளக்கொளி கண்ணைக் கூசச் செய்தது. பாதியில் இறங்கிவிடலாமா என்னும் நிலையில் நின்று, மனத்தைத் தேற்றிக்கொண்டு பாடி முடித்தனர். அவ்விழாவின் மிகச் சிறந்த கச்சேரிகளுள் ஒன்றென இன்றும் அதனைப் போற்றுகின்றனர். அந்த ஆண்டு அந்த இடத்தை முன்னமே புகழ்பெற்ற ஒரு பழங்குழுவுக்குக் கொடுத்திருந்தால் இத்தகைய இரவு வாய்த்திராது. ஆகவே எதிர்ப்போர் வாதம் வெறும் வாதமன்று.

இனி, தகும் என்பவர் பக்கம். இவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு. அவ்விரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை என்பதை முன்னமே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, "இவர்கள் வந்தால்தான் நுழைவுச் சீட்டு விற்கும்" என்பது. பல விழாக்களுக்கு இது பொருந்தலாம், கிளாஸ்டன்பரிக்குப் பொருந்தாது. அங்கே யார் வருகிறார் என்று அறிவிக்கும் முன்னரே சீட்டு விற்றுத் தீர்ந்துவிடுவது வழக்கம். 2013-ஆம் ஆண்டு விழாவுக்குரிய சீட்டுகள் 2012 அக்டோபரிலேயே விற்றுப்போயின. ரோலிங் ஸ்டோன்ஸ் வருவது 2013 மார்ச்சில்தான் அறிவிக்கப்பட்டது. எனவே, பணத்துக்காக அவர்களை அழைக்க வேண்டிய கட்டாயம் அவ்விழாவுக்கு இல்லை. அதனால்தான் இவ்விழாவை எடுத்துக்காட்டாகக் கொண்டேன். பணக் கணக்கை நீக்கிவிட்டால் எஞ்சுவது தகுதி ஒன்றே.

மற்றொன்று, "இவ்வளவு காலம் உழைத்தார்களே, அந்த நன்றிக்காக இடம் தர வேண்டும்" என்பது. இது கேட்க இனிமையானது. ஆனால் ஆழ்ந்து நோக்கினால், இது கலைஞரை உயர்த்துவதுபோல் தாழ்த்துகிறது. செய்த பணிக்காக மாதந்தோறும் வருவது ஓய்வூதியம். அதை நானும் பெறுகிறேன். அதற்காக யாரும் என்னை வகுப்பில் நின்று பாடம் நடத்தச் சொல்வதில்லை. தலைமைக் கச்சேரியோ அன்றிரவு செய்து முடிக்க வேண்டிய வேலை. குளிரிலும் ஈரத்திலும் ஆறேழு மணி நேரம் நின்று களைத்த பெருங்கூட்டத்தைப் பிடித்து நிறுத்தி, மகிழ்வித்து, நிறைவோடு கூடாரத்துக்கு அனுப்புகின்ற கடும் பணி அது. நன்றிக்காக ஒருவரை அப்பணியில் நிறுத்துவது அவருக்கும் தீங்கு, கேட்பவருக்கும் தீங்கு.

அப்படியாயின் வயதைக் கொண்டு ஒரு வரம்பு கட்டிவிடலாமா? நான் இருந்த துறையில் அத்தகைய வரம்பு உண்டு. நான் 58 வயது நிறைந்த அன்று ஓய்வு பெற்றேன். பின்னர் 2020-இல் அவ்வரம்பு 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்டது. அரசுப் பணிக்கு வரம்பு வேண்டும்; இலட்சக்கணக்கான பேரைத் தனித்தனியே ஆராய்ந்து கொண்டிருக்க இயலாது. ஆனால், 60 வயது ஆனவுடன் திறன் போய்விடுகிறது என்று அவ்விதி கூறவில்லை. விழா நடத்துபவருக்கோ ஆண்டுக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் வேலைதான். மூவரை ஆராய்ந்து பார்க்க நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே, கலையில் வயது ஒரு தகுதியும் ஆகாது, ஒரு தடையும் ஆகாது. "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இரா" என்பது நம் பழமொழி. ஆடட்டும், பாடட்டும், எந்த இடத்தில் என்பதைத்தான் ஆராய வேண்டும்.

ஆராய்வதற்கு மூன்று வினாக்களை நான் முன்வைக்கிறேன். அன்றிரவுப் பணியை அவர்களால் செய்ய இயலுமா? அவர்கள் இன்னும் ஆக்குகின்றனரா? அவர்கள் வருகையால் ஏணி அடைபடுகிறதா, இல்லையா?

முதல் வினா. 2013-இல் அந்த நால்வரும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இசைத்தனர். பழைய உறுப்பினரான மிக் டெய்லரையும் உடன் அழைத்து வாசிக்க வைத்தனர். தம் பழைய பாடல் ஒன்றன் சொற்களை மாற்றி, கிளாஸ்டன்பரிப் பெண்ணொருத்தியைப் பற்றிய பாடலாக்கி அவ்விடத்துக்கென்றே பாடினர். இது சிறிய செயலாகத் தோன்றும். ஆனால், வந்த இடத்தை நோக்கிப் பேசுபவனுக்கும், ஊர்தோறும் ஒரே பாடத்தை ஒப்பிப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய சிறு செயலில்தான் தெரியும். எழுதிவைத்த குறிப்பை முப்பது ஆண்டுகள் மாற்றாமல் படிக்கும் ஆசிரியரையும், அதே பாடத்தை ஆண்டுதோறும் எதிரில் அமர்ந்துள்ள பிள்ளைகளுக்கு ஏற்பப் புதுக்கும் ஆசிரியரையும் நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

குரலைப் பற்றியும் ஒரு சொல். 2022-ஆம் ஆண்டு ஜூன் 25-இல் பால் மெக்கார்ட்னி அதே மேடையில் தலைமைக் கச்சேரி நிகழ்த்தினார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவருக்கு 80 வயது நிறைந்திருந்தது. குரல் இளமைக் குரல் அன்று. மேல் ஸ்தாயியில் நடுங்கியது. கேட்டவர் எவரும் அதை மறுக்க மாட்டார். ஆயினும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் அவர் அக்கூட்டத்தைத் தம்மோடு கொண்டுசென்றார். குரலின் வலிமை வேறு, கச்சேரியின் வலிமை வேறு என்பதை அன்று உணரலாம். அதே விழாவில் முந்தின நாள் இரவு தலைமைக் கச்சேரி நிகழ்த்தியவர் பில்லி ஐலிஷ் என்னும் 20 வயது மங்கை. இருபதும் எண்பதும் அடுத்தடுத்த இரவுகளில் ஒரே மேடையில்! ஒன்று வந்ததால் மற்றொன்று குறைந்துபோகவில்லை.

இரண்டாம் வினா, இன்னும் ஆக்குகின்றனரா என்பது. இதில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கு 2013-இல் நான் குறைந்த மதிப்பெண்ணே தருவேன். சொந்தப் பாடல்கள் நிரம்பிய இசைத்தட்டை அவர்கள் 2005-க்குப் பிறகு வெளியிட்டிருக்கவில்லை. அடுத்தது 2023-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. இடையில் 18 ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து வாக்குரிமை பெறும் காலம். ஆயினும், அது வந்தது என்பதை மறக்கக் கூடாது. எண்பதை எட்டிய நிலையில் புதுப்பாட்டு இயற்ற உட்கார்ந்தவரை, பழம் பெருமையில் வாழ்பவர் என்று தள்ளிவிட முடியாது. பல்ப் என்னும் ஷெஃபீல்டு நகரக் குழு இன்னும் வியப்பானது. 2025-ஆம் ஆண்டு ஜூனில், 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புதிய இசைத்தட்டை அவர்கள் வெளியிட்டனர். அவர்களைப் பற்றி மீண்டும் பேசுவேன்.

மூன்றாம் வினா, ஏணி. 2013-ஆம் ஆண்டு விழாவில் வெள்ளிக்கிழமை தலைமைக் கச்சேரி ஆர்க்டிக் மங்கீஸ் குழுவுக்கு. ஞாயிற்றுக்கிழமை மம்ஃபோர்டு அண்டு சன்ஸ் குழுவுக்கு. இரண்டும் புதிய நூற்றாண்டில் தோன்றிய குழுக்கள். அவற்றுள் முன்னது 2007-இலேயே, அதன் பாடகருக்கு 21 வயது ஆனபோதே, அவ்விடத்தைப் பெற்றிருந்தது. முதியவர் ஓரிரவு, இளையவர் இரண்டு இரவுகள். இது நேர்மையான பங்கீடு.

மொத்தக் கணக்கையும் பார்ப்போம். 2010 முதல் 2019 வரை இருந்த 24 இடங்களில் 1960-களிலேயே புகழ்பெற்றவர்களுக்குச் சென்றவை மூன்று: 2010-இல் ஸ்டீவி வொண்டர், 2013-இல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2015-இல் தி ஹூ. எட்டில் ஒரு பங்கு. இதனால் ஏணி அடைபட்டது என்று யாரும் கூற இயலாது. 2022 முதல் 2025 வரை நான்கு விழாக்கள், 12 இடங்கள். மெக்கார்ட்னி, எல்டன் ஜான், நீல் யங் ஆகியோர் மூன்று இடங்களைப் பெற்றனர். எல்டன் ஜான் புகழ்பெற்றது 1970-இல் என்றாலும் அவரையும் அத்தலைமுறையிலேயே சேர்க்கலாம். இப்போது பங்கு நான்கில் ஒன்று. இன்னும் அச்சப்படத்தக்க அளவன்று. ஆனால் செல்லும் திசையைக் கவனிக்க வேண்டும். மூன்றில் ஒன்றாகிப் பாதியாகிவிட்டால், இருபது ஆண்டுகளுக்குப் பின் அழைக்கத்தக்க மூத்த கலைஞர் யார் இருப்பர்? இன்று ஏறவிட்டால்தானே நாளை மூத்தவர் கிடைப்பர்?

முதியவரை மட்டுமே அழைத்து ஒரு விழா நடந்ததும் உண்டு. 2016 அக்டோபரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டெசர்ட் டிரிப் என்ற பெயரில் அது நடந்தது. பாப் டிலன், ரோலிங் ஸ்டோன்ஸ், நீல் யங், மெக்கார்ட்னி, தி ஹூ, ரோஜர் வாட்டர்ஸ் ஆகிய அறுவர் பெயர்களே அதன் அறிவிப்பில் இருந்தன. அதனை நான் குறை கூற மாட்டேன். இன்னாரைத்தான் கேட்கப் போகிறோம் என்று அறிந்தே மக்கள் சென்றனர். ஆனால், பல தலைமுறையினர் கூடும் பொதுவிழா அவ்வாறு ஆகிவிடக் கூடாது.

ஏணியை அடைக்காமலிருப்பது ஒரு படி. மேடையைப் பகிர்ந்துகொள்வது அதனினும் உயர்ந்த படி. இதற்கும் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவே எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் இசையையும் மரபுக் கலைகளையும் போற்றும் பெருவிழா ஒன்று, கிளாஸ்டன்பரி தோன்றிய அதே 1970-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருகிறது. அதில் இக்குழு 2019-இல் இசைப்பதாக இருந்தது. ஜாகருக்கு இதய அறுவை மருத்துவம் நேர்ந்தமையால் தடைப்பட்டது. 2021-இல் மீண்டும் ஏற்பாடாயிற்று, பெருந்தொற்று தடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சார்லி வாட்ஸ் காலமானார். கடைசியில் 2024-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், வேறொரு டிரம்ஸ் கலைஞரோடு, அம்மேடையில் ஏறினர்.

அன்று அவர்கள் தம்மோடு பாட ஐர்மா தாமஸ் என்னும் அம்மையாரை அழைத்தனர். அவர் அந்நகரத்தின் மூத்த பாடகி; அப்போது அவருக்கு வயது 83. "காலம் என் பக்கம்" என்ற பொருள் தரும் 'டைம் இஸ் ஆன் மை சைடு' என்ற பாடலை 1964-இல் அவர் இசைத்தட்டில் பாடினார். அதே ஆண்டில் அப்பாடலை ரோலிங் ஸ்டோன்ஸ் பாடி அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்றனர். வெற்றி இவர்களுடையதாயிற்று, அவ்வம்மையார் பெயரோ அவ்வளவு தூரம் பரவவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, அவர் ஊரில், அவரை நடுமேடையில் நிறுத்தி, அதே பாட்டை அவரோடு சேர்ந்து பாடினர். பட்ட கடனைப் பலரறியத் திருப்பித் தரும் செயலாகவே அதை நான் கருதுகிறேன். மூத்த குழுவுக்குத் தலைமை இடம் ஏன் என்று கேட்பவர்க்கு இதைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை. அறுபது ஆண்டு நினைவைச் சுமந்து வருபவரால் மட்டுமே அத்தகைய கடனைத் தீர்க்க இயலும். இருபது வயதினரால் இயலாது.

இங்கே நகைச்சுவைக்கும் சற்று இடமுண்டு. அந்த ஆண்டு அவர்கள் அமெரிக்காவில் நடத்திய இசைப்பயணத்துக்குப் பொருளுதவி செய்தது முதியோர் நலம் பேணும் ஏ.ஏ.ஆர்.பி. என்ற பெரிய அமைப்பு. அறுபது ஆண்டுகளுக்கு முன் இவர்கள் தலைமுடியைக் கண்டே முகம் சுளித்த பெரியவர்கள் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பரோ!

நேயர்களே, இன்னொன்றும் கருதத்தக்கது. இறுதி இடம் ஒன்றே மதிப்பு என்று எண்ணுவது நம் எல்லோரிடமும் உள்ள மயக்கம். பள்ளி ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரலை வகுக்கும்போதெல்லாம் இம்மயக்கத்தைக் கண்டிருக்கிறேன். கடைசி நிகழ்ச்சி எந்த வகுப்புக்கு என்பதிலேதான் பூசல் எழும். கிளாஸ்டன்பரியில் இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், வெயில் இருக்கும்போதே, மூத்த கலைஞர் ஒருவருக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்குகின்றனர். 2014-இல் டாலி பார்ட்டன் அந்த நேரத்தில் பாடியபோது கூடிய கூட்டம் இரவுக் கூட்டத்துக்குக் குறைந்ததன்று. 2025-இல் 80 வயது ராடு ஸ்டீவர்ட் அந்த நேரத்தில் பாடினார். 2002-இல் தலைமைக் கச்சேரி நிகழ்த்திய அதே ஸ்டீவர்ட். 2008-இல் லெனார்டு கோஹன் தம் 73-ஆம் வயதில், ஞாயிறு மாலை, தலைமைக் கச்சேரிக்கு முந்திய நேரத்தில் பாடினார். அன்றைய நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுவோர் அவரையே முதலில் நினைக்கின்றனர்.

பல்ப் குழுவைப் பற்றி மீண்டும் பேசுவேன் என்றேன். 1995-ஆம் ஆண்டில் தலைமைக் கச்சேரிக்கு உரிய குழுவின் கிட்டார் கலைஞருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. விழாவுக்குச் சில நாட்களே இருந்த நிலையில் பல்ப் குழுவை அழைத்தனர். திடீரென வந்த வாய்ப்பு என்றாலும் ஆயத்தமின்றி வந்ததன்று. அவர்கள் 1978 முதல் பாடிவந்தவர்கள். பதினேழு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற இரவில் அவர்கள் அக்கூட்டத்தை வென்றனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 28-ஆம் நாள், வேறொரு பெயரில் நிகழ்ச்சி நிரலில் மறைந்து நின்று, மாலை வெளிச்சத்திலேயே அதே மேடையில் தோன்றினர். அன்று தலைமை இடம் நீல் யங்குக்கு. இவர்கள் அதைக் கேட்கவுமில்லை. அதனால் இவர்கள் மதிப்புச் சிறிதும் குறையவுமில்லை.

விடைபெறும் கச்சேரி என்பது தனி வகை. 2025-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் பர்மிங்காம் நகரின் வில்லா பார்க் மைதானத்தில், 1968-இல் தோன்றிய பிளாக் சாபத் குழு தன் சொந்த ஊரில் விடைபெற்றது. அன்று பகல் முழுவதும் பின்வந்த குழுக்கள் அவர்கள் பாடல்களைப் பாடி வணங்கின. பாடகர் ஓஸி ஆஸ்பர்னுக்குப் பார்க்கின்சன் நோய், நிற்க இயலவில்லை. அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். அதன் பின் 17 நாட்களில், 76-ஆம் வயதில், அவர் மறைந்தார். அன்று கிடைத்த பொருள் மருத்துவ அறச்செயல்களுக்குச் சென்றது. இத்தகைய இரவில் குரலை நிறுத்துப் பார்ப்பது தகாது. ஆனால், விடைபெறுதல் ஒருமுறைதான். ஆண்டுதோறும் விடைபெறுபவருக்கு இச்சலுகை இல்லை.

இனி என் முடிவைக் கூறுகிறேன். 2013-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குக் கிளாஸ்டன்பரியில் தலைமை இடம் தந்தது தகுதியானதே. பணியைச் செய்தனர், இருபுறமும் இளையவர் இருந்தனர், முதன்முறை வந்தனர். புதிய ஆக்கத்தில் இருந்த குறையைப் பிற்காலத்தில் ஓரளவு நிறைவு செய்தனர். மற்றொரு முறை அவர்களை அழைக்கலாமா என்று என்னைக் கேட்டால், புதுப்பாட்டுகளோடும், மேடையைப் பகிரும் மனத்தோடும் வருவார்களாயின் அழைக்கலாம். பழைய பட்டியலை மட்டும் கொண்டு வருவதாயின் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலை அன்போடு கொடுக்கலாம் என்பேன். எந்த மூத்த குழுவுக்கும் இதுவே என் விடை.

நம்மில் மூத்தோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அழைக்கும் வரை காத்திருப்பது மட்டும் போதாது. அழைத்தபோது, இன்று இப்பணி நம்மால் இயலுமா என்று நாமே முதலில் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இளையோரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எதிரில் நிற்கும் முதியவரின் நரையைப் பார்த்து முடிவு செய்துவிடாமல், அவர் பாடத் தொடங்கும் வரையேனும் பொறுத்திருந்து கேட்க வேண்டும். கிளாஸ்டன்பரி நிலம் 2026-ஆம் ஆண்டை ஓய்வாண்டாகக் கொண்டது. அந்நிலத்தில் மறுபடியும் பிரமிடு மேடை ஒளிபெறும்போது அம்மூன்று இரவுகளுக்குரியவர் யாராயினும், அவர் பிறந்த ஆண்டைக் கணக்கிடுவதை விட்டுவிட்டு, அன்றிரவு அவர் செய்யும் பணியைக் கேட்டு மதிப்பிடுவோம்.